தலையாட்டும் ஸ்ட்ரா

பட்டாணிக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும், அது முடியும்வரை தூக்கம் வராது. குட்டையாக, உருண்டையாக, ஓர் இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

அன்று அறிவியல் டீச்சர், குழுவுக்கு ஒன்றாகப் பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். ‘உடலை அறிவோம்’ என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே புனல், ரப்பர் குழாய், பலூன், களிமண், தீக்குச்சி, ஸ்ட்ரா.

“இதை வெச்சு ஸ்டெதஸ்கோப் செய்யுங்க. இதயம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க” என்றார் டீச்சர்.

பட்டாணியோடு சேர்த்துக் குழுவில் மூன்று பேர். ஓயாமல் பேசும் ரேடியோ. கையில் கிடைத்ததில் எல்லாம் படம் வரையும் ஓவியர். அவனை டீச்சர்கூட “என்ன ஓவியரே” என்றுதான் கூப்பிடுவார். ஓவியருக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் சின்ன மெஷின் மாட்டியிருப்பான்.

புனலின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டினார்கள். மறுமுனையில் குழாயைச் செருகினார்கள். ஸ்டெதஸ்கோப் தயார்.

முதலில் ரேடியோ கேட்டான். “அடேயப்பா, பட்டாணி, உனக்குள்ள யாரோ மாடிப்படி ஏறுறாங்க.”

அடுத்தது ஓவியரின் முறை. குழாயைக் காதருகே கொண்டுபோனதும் மெஷின் ‘கீய்ங்’ என்று கத்தியது. அவன் சட்டென்று அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குழாயைக் காதில் வைத்தான். பட்டாணி புனலை ரேடியோவின் நெஞ்சில் வைத்துப் பிடித்தாள்.

“கேக்குது, கேக்குது” என்று தலையாட்டினான் ஓவியர். “லப்டப், லப்டப்.”

அந்த நேரம் பார்த்துப் பட்டாணிக்குத் தும்மல் வந்தது. புனலை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஓவியர் அதைக் கவனிக்கவில்லை.

“லப்டப், லப்டப்” என்று இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மேஜைக்கு ஏது இதயம்? கேட்டுவிடலாம் என்று அவள் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஓவியரின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. பட்டாணி வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயருகே அவனைப் பிடித்தாள். அவன் மெஷினை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து, முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

“மேஜையோட இதயம் எப்படி இருந்துச்சு?”

ஓவியருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டான். பிறகு தரையைப் பார்த்தான்.

“மெஷின் போட்டா அது கத்துது. கழட்டினா ஒண்ணுமே கேக்கல.”

“டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பாவம்னு ஒரு பார்வை பாப்பாங்க. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது.”

“நாளைக்கு அவங்கவங்க துடிப்பை எண்ணி பலகைல எழுதணுமே. மணிக்கட்டைத் தொட்டுப் பாத்தியா?”

“பாத்தேன். அது துடிக்குதா, என் விரல் துடிக்குதான்னே தெரியல. ரேடியோ எழுதுறதையே நானும் எழுதிடுறேன், விடு.”

பட்டாணியால் விட முடியுமா?

மாலையில் அப்பா வேலை முடிந்து வந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். மேலே இருந்த காலில் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அது மெல்ல மெல்ல ஆடியது.

“அப்பா, ஏன் காலை ஆட்டுறீங்க?”

“நான் எங்கடா ஆட்டுறேன்? பகல் பூரா பிரேக் மிதிச்ச கால். இனிமே யார் சொன்னாலும் ஆடாது.”

ஆனால் செருப்பு ஆடியது. பட்டாணி அப்பாவின் கழுத்தில் விரலை வைத்தாள். அங்கே ஒரு துடிப்பு. இங்கே செருப்பில் ஒரு துள்ளல். இரண்டும் ஒன்றாகவே வந்தன.

“அப்பா, உங்க இதயம்தான் செருப்பை ஆட்டுது.”

“அதுக்காவது வேலை செய்யத் தெம்பு இருக்கே” என்றார் அப்பா, தாளைப் புரட்டியபடி.

மறுநாள் வகுப்பு தொடங்குமுன் ஓவியரைப் பெட்டிக்கு அருகே இழுத்துப்போனாள். களிமண்ணைச் சின்ன உருண்டையாக்கி, தீக்குச்சியைச் செருகி, அவன் மணிக்கட்டில் துடிப்பு தெரியும் இடத்தில் ஒட்டினாள்.

இருவரும் உற்றுப் பார்த்தார்கள். தீக்குச்சி ஆடுவதுபோலவும் இருந்தது, ஆடாததுபோலவும் இருந்தது.

பட்டாணியின் முகம் சுருங்கிவிட்டது. ஓவியர்தான் யோசித்தான்.

“நீளமான பிரஷ் எடுத்தா, கை கொஞ்சம் நடுங்கினாலும் நுனி நிறைய ஆடும். குச்சி போதாது. ஸ்ட்ராவைக் குடு.”

ஸ்ட்ராவைச் செருகினான். மேஜைமேல் கையை அசையாமல் வைத்தான்.

ஸ்ட்ராவின் நுனி தலையாட்டியது. நின்றது. மறுபடி தலையாட்டியது.

ஓவியர் மூச்சுவிடக்கூட மறந்துவிட்டான். “நான் ஒண்ணும் பண்ணல, பட்டாணி. அதுவா ஆடுது.”

“உன் இதயம்தான்” என்றாள் அவள்.

வகுப்பு தொடங்கியது. அன்று பக்கத்து அறையில் ஏதோ மராமத்து வேலை. சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தவர்கள் எல்லாரும் முழித்தார்கள்.

“டீச்சர், என் இதயம் ஆணி அடிக்குது” என்றான் ரேடியோ.

ஓவியர் மட்டும் நிதானமாக எண்ணி முடித்துவிட்டு எழுந்து போய்ப் பலகையில் தன் எண்ணை எழுதினான்.

“இந்தச் சத்தத்துல எப்படிப்பா கேட்டுச்சு?” என்றார் டீச்சர்.

ஓவியர் சாக்கட்டியைக் கீழே வைத்தான். “கேக்கல டீச்சர். நேத்தும் கேக்கல, சும்மா சொன்னேன். இன்னைக்குப் பாத்தேன்.”

டீச்சர் அவன் மேஜைக்கு வந்து ஸ்ட்ராவைப் பார்த்தார். பாவம் என்ற பார்வை எதுவும் இல்லை. வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

“எனக்கு ஒண்ணு வெச்சுவிடு.”

அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் வகுப்பே வரிசை கட்டிவிட்டது. பட்டாணி களிமண் உருட்டினாள், ஓவியர் ஒட்டினான்.

“பேசினா கை ஆடும், தப்பா எண்ணுவ” என்று ரேடியோவிடம் கண்டிப்பாகச் சொன்னான் ஓவியர். ரேடியோ ஒரு நிமிடம் முழுக்க வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடமே அதுவரை காணாத அதிசயம் அது.

இடைவேளை மணி அடித்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஓவியர் மட்டும் தன் ஸ்ட்ராவை மறுபடி ஒட்டிக்கொண்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“விளையாட வரலையா?” என்றாள் பட்டாணி.

“இரு. இது இன்னும் நிக்கல.”

“நின்னாதான் வம்பு.”

சொல்லிவிட்டு அவளும் மிச்சமிருந்த களிமண்ணை உருட்டித் தன் மணிக்கட்டில் ஒட்டி, ஒரு ஸ்ட்ராவைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். காலியான வகுப்பில் இரண்டு ஸ்ட்ராக்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தன.