அழிந்துபோன கடைசி வரி

ஆறு மணிக்குக் கெனெஷ் எழுந்தான். அடுப்பில் நிலக்கரி போட்டான். தேநீர் கொதித்தது. இரண்டு கிண்ணங்களை எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான்.

சுவரில் அந்த அட்டவணை. கிர்கிஸ் மொழியில் ‘வீடு’ என்ற சொல்லின் வாலில் ‘என்’, ‘உன்’, ‘நம்’ ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ‘இல்’, ‘இலிருந்து’ ஏறிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்புக்காக அவன் எழுதியது. கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்து. வகுப்பில் அந்த வரியைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்கிறான்.

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் இலையுதிர்கால மழை... நரின் ஊருக்குப் போகும் வேனில் ஏறிய பெண், அவன் பக்கத்து இருக்கையில் வைத்திருந்த அந்தத் தாள் மேலேயே ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, எந்திரிங்க! அது வேற்றுமை உருபு!”

“ஐயோ... கடிக்குமா?”

வேனே சிரித்தது. அவள் கண்கள்... மழை விட்ட பிறகும் ஈரம் விடாத கண்கள்.

தாளை விரித்தாள். “என் வீட்டில், உன் வீட்டில்... அதுக்குக் கீழ அழிஞ்சுபோச்சே, வாத்தியாரே?”

“நீங்க உட்கார்ந்ததுல போச்சு. ‘நம் வீட்டில்’.”

“பேனா குடுங்க. அழிச்சவளே எழுதிடறேன்.”

பெகாயிம். தபால் நிலையத்தில் வேலை.

அடுத்த வசந்தத்தில் அவன் அம்மா வெள்ளித் தோடுகளோடு போனாள். வருங்கால மாமியார் கையால் தோடு ஏறினால்தான் நிச்சயம். பெகாயிம் காதைக் கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. அவனுக்கு ரோஷம்... அடுத்த குளிர்காலம் முடியும்வரை தபால் நிலையத் தெருப் பக்கமே போகவில்லை.

பிறகு அவள் தங்கை வந்து சொன்னாள். பெகாயிமுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை.

மறுபடி போகச் சொன்னதும் அவன் அம்மா தோடுகளை மேசைமேல் வைத்தாள். “பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு நீ நிக்கிறத நான் பார்க்கணுமா? என் கை போடாதுடா.”

ஆண்பிள்ளையே பெண்ணுக்குத் தோடு போட்டுவிடுவது அங்கே யாரும் கேள்விப்படாத காரியம். அவன் போட்டுவிட்டான். தபால் நிலையத்தில், வரிசையில் நின்றவர்கள் வாய்பிளக்க. பழக்கமில்லாத கை... அவள் காதில் ரத்தம் வந்தது.

“ஸ்ஸ்... விஷயம் தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான். நீங்கதான் வேணும்... எத்தனை நாளானாலும்.”

இந்த வீட்டில் இருவருமாகப் பதினான்கு மாதங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் நகை எதுவும் கூடாது என்றாள் நர்ஸ். பெகாயிம் தோடுகளைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். தள்ளுவண்டி நகர்ந்தது.

“வந்ததும் நீங்களே போட்டுவிடுங்க, வாத்தியாரே... இந்தத் தடவையாவது காதைக் கிழிக்காம.”