குருவியின் எடை

காற்று ஏற ஏற காரின் பின்பக்கம் லேசாக வேண்டும். அன்று அது கனத்தது.

அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இயக்க அறையில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் நீளமான காற்றுக்கூடம். ஒரு முனையில் மாடிவீட்டு உயரத்துக்கு மின்விசிறி. நடுவில், நான்கு சக்கரங்களும் நான்கு எடைத்தட்டுகளின் மேல் நிற்க, தரையோடு பட்டை போட்டுக் கட்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இங்கே கார் ஓடாது, காற்றுதான் ஓடும். ஓடுகிற காருக்கு என்னென்ன ஆகுமோ அத்தனையையும் நிற்கிற காரில் நடத்திப் பார்ப்பது அவள் வேலை. அந்த விசிறியின் சத்தம் எந்த வேகத்தில் உறுமும், எந்த வேகத்தில் ஊளையிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

இந்தக் காரின் நோயும் அவளுக்குத் தெரியும். வேகம் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டரை நெருங்கும்போது கூரையைத் தாண்டி வழிகிற காற்று பின்மூடியை மேலே இழுக்கும். பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு ஓடும். நேர்ச் சாலையில் இது தெரியாது. வளைவில் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அகலம் திருப்பினால் போதும், காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். பின்னால், காற்றை வைத்தே காரைக் கீழே அழுத்துகிற உயரமான ஸ்பாய்லர் பலகை ஒன்றை வைத்தால் தீர்ந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். தலைமைப் பொறியாளர் கேட்டால்தானே.

"அழகு கெட்டுடும்மா. பாத்துக்கலாம்."

எதற்கெடுத்தாலும் அதையே சொல்வதால் பட்டறையில் அவருக்குப் பெயரே பாத்துக்கலாம்தான். பிரேக் கொதிக்கிறது என்றாலும் பாத்துக்கலாம், கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றாலும் பாத்துக்கலாம். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தவள்தான், தம்பி சாகும்வரை.

தம்பி இந்தக் காரின் சோதனை ஓட்டுநராக இருந்தான். ஆள் ஒடிசல் என்பதால் குருவி என்று கூப்பிடுவார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மேலே தூக்கி நிற்கும். பெரிய மனுஷன் காபி குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அக்கா கிண்டல் செய்தால், "விரலுக்கும் காத்து வேணும்ல," என்பான்.

சோதனைப் பாதையின் நீண்ட வளைவில் அவன் கார் சுழன்று சுவரில் மோதிய அன்று, அவள் பாதையோரக் கண்காணிப்பு மேடையில் பாத்துக்கலாமுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வயர்லெஸ்ஸில் தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது. "சார், பின்னாடி லேசாகுது." இவர் சொன்ன பதிலும் தெளிவாகவே கேட்டது. "பாத்துக்கலாம். இன்னும் கொஞ்சம் ஏத்து." அவன் ஏற்றினான்.

விசாரணையில், வெறும் இரைச்சல்தான் கேட்டது என்று கூசாமல் சொன்னார் அந்த மனிதர். தம்பிக்காகப் பேசுகிறாள் என்று அவள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டியவன் தவறு என்று முடித்துக் கை கழுவிவிட்டார்கள். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் அணையவில்லை. வேலையை விட்டிருப்பாள். விடவில்லை. இந்தக் காரை மறுபடி காற்றில் வைக்காமல் விற்பனைக்கு அனுப்ப முடியாது. அப்போது எடைத்தட்டு உண்மையைச் சொல்லும், அதை அந்த ஆளின் முகத்தில் விட்டெறியலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்து போய்க்கொண்டிருந்தாள்.

இன்று அந்த நாள். தட்டோ பொய் சொன்னது.

ஆரம்பத்தில் எல்லாம் அவள் எதிர்பார்த்தபடிதான் நடந்தது. விசிறி உறுமியது, வேகம் ஏறியது, பின்தட்டுகளின் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தம்பி செத்த வேகம் வந்ததும், யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி, எண் ஒரே குதியாகக் குதித்து அங்கேயே நின்றுவிட்டது. விசிறியை நிறுத்தினாள். காற்று அடங்கியதும் அந்தக் கனமும் போய்விட்டது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "டிக்கில மூட்டை எதையாவது விட்டுட்டீங்களா?"

ஆள் இல்லாமல் சோதிக்கும்போது ஓட்டுநரின் எடைக்கு மணல் மூட்டை வைப்பது வழக்கம். மெக்கானிக் கூடத்தின் மூலையைக் காட்டினார். மூட்டை அங்கேதான் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது: குருவி, 68.

அவள் திரையைப் பார்த்தாள். குதித்த எண் எவ்வளவு என்று கணக்குப் போட அவளுக்கு மனம் வரவில்லை. மெக்கானிக் எட்டிப் பார்த்துப் போட்டுவிட்டார்.

"மேடம், எனக்கு உள்ள வேலை வேணாம்," என்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். அவர் விட்டுப்போன கதவு மெல்ல வந்து தானாக மூடிக்கொண்டது.

அவள் விசிறியை மறுபடி ஓடவிட்டு, புகைக்குழாயைத் திறந்தாள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குக் காட்ட விடுகிற வெள்ளைப் புகை அது. லேசான எண்ணெய் வாசனையுடன் நூல் நூலாகக் கிளம்பி, காரின் மூக்கின் மேல் ஏறி, முன்கண்ணாடியில் சரிந்து, கூரையைத் தடவிக்கொண்டு, வாரிய தலைமுடி மாதிரி படிந்து பின்னால் ஓடியது. விசிறியின் உறுமல் இருக்கையின் கால்கள் வழியாக ஏறி அவள் முதுகெலும்பில் அதிர்ந்தது. வேகம் ஏறியது. ஊளை தொடங்கியது. பின்மூடிக்கு மேலே, எதுவும் இல்லாத இடத்தில், புகை இரண்டாகப் பிரிந்தது.

பிரிந்து எதையோ சுற்றிக்கொண்டு போய் அப்பால் சேர்ந்தது. நடுவில் வெறுமையாக ஓர் உருவம் விழுந்தது. மேலே ஹெல்மெட்டின் உருண்டை, கீழே ஒடுங்கிய தோள்கள், அதற்கும் கீழே மடக்கிய முழங்கால்கள். பின்மூடியின் மேல் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தது அது.

அவள் கண்ணை மூடித் திறந்தாள், உருவம் இருந்தது.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு பாத்துக்கலாம் வந்தார். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் திரைக்குப் போனார், எண்ணைப் பார்த்தார், அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தியா? லேசாகவே இல்ல. ஸ்பாய்லர் ஸ்பாய்லர்னு உயிர எடுத்தியே."

"சார், கொஞ்சம் புகையப் பாருங்க."

ஒரு பார்வை பார்த்தார். "ஏதோ சுழல். அதெல்லாம் பாத்துக்கலாம். நீ நிறுத்து, நான் உள்ள உக்காந்து காத்துச் சத்தம் எப்படி இருக்குன்னு கேக்கறேன். சாயங்காலம் முதலாளிகிட்ட நானே உக்காந்து பாத்தேன்னு சொல்லலாம்ல."

யாராவது உள்ளே உட்கார்ந்து சத்தம் கேட்பதும் வழக்கம்தான். விசிறியை நிறுத்திவிட்டு, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் போய் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கட்டைவிரலைக் காட்டினார். தம்பி உட்கார்ந்த இருக்கை.

காற்றை ஏற்றினாள். அதே வேகத்தில் அதே கனம் வந்து உட்கார்ந்தது. அதே முதுகு.

"கல்லு மாதிரி நிக்குதும்மா," என்று இயர்போனில் சிரித்தார். "வண்டி மேல ஒரு குத்தமும் இல்லன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல. ஓட்டத் தெரியாதவன் ஓட்டுனா வண்டி என்ன பண்ணும்?"

அவ்வளவுதான். பயம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. காதுமடல் வரை கொதித்தது. அந்த ஆளின் மேல் வந்த கோபத்தைவிட, கண்ணாடிக்கு அப்பால் குனிந்து உட்கார்ந்திருக்கிற அந்த முதுகின் மேல் அதிகக் கோபம் வந்தது. செத்த பிறகும் இவருக்கே உழைக்கிறான். இவர் வைக்க மறுத்த ஸ்பாய்லருக்குப் பதிலாகத் தானே ஏறி உட்கார்ந்து, இவர் சொன்ன பொய்யைத் தன் எடையால் நிஜமாக்கிக்கொண்டிருக்கிறான். இந்த எண்ணை வைத்து நாளைக்கே கார் கடைக்குப் போகும். விற்கிற ஒவ்வொரு காரின் மேலும் இவன் போய் உட்கார முடியுமா? எத்தனை வீட்டுத் தம்பிகள் அந்த வளைவுக்குப் போவார்கள்?

கூடத்து ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினாள்.

"இறங்குடா," என்றாள். "போதும். அந்த ஆளுக்காக ஒண்ணும் தாங்க வேணாம். இறங்கு."

"யார்கிட்டம்மா பேசுற?" என்றது இயர்போன்.

புகையில் அந்த உருண்டை நிமிர்ந்தது. மெதுவாகத் திரும்பியது. புகைக்கு முகம் கிடையாது, ஆனாலும் அது தன்னைத்தான் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பி சின்ன வயதில் எதைச் செய்தாலும் அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் செய்வான்.

அது எழுந்தது. மனிதனைத் தூக்கி அடிக்கிற அந்தக் காற்றில், எதிர்த்திசையில், நிதானமாக நடந்தது. கூரையின் மேல் ஒரு அடி. இன்னொரு அடி. பின்தட்டுகளின் எண் சரிந்தது. முன்தட்டுகளின் எண் ஏறியது. ஓட்டுநர் பக்கம் வந்து குனிந்தது.

பிறகு புகை நேராக ஓடியது. கூரை, பின்மூடி, எங்கும் ஒரு பிளவும் இல்லை.

பின்பக்கம் லேசாகிக்கொண்டிருந்தது. அவள் இத்தனை நாள் காத்திருந்த எண் திரையில் நின்றது. தம்பி மேல் தவறில்லை என்று சொல்கிற எண். ஆனால் ஓட்டுநர் பக்கத் தட்டுகளில், அவர் எடைக்கு மேல் அந்த அறுபத்தெட்டு கிலோ அப்படியே இருந்தது.

இறங்கவில்லை. உள்ளே போயிருக்கிறான்.

"ஏம்மா." சிரிப்பு நின்றிருந்தது. "உள்ள... மேல ஏதோ... மூச்சு முட்டுது. நிறுத்து. நிறுத்தும்மா."

கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏத்து என்று யாரோ சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் அழுத்தினாள்.

ஊளை உறுமலானது. உறுமல் பெருமூச்சானது. அதுவும் அடங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் அவர் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில். கண்கள் எதிர்ச்சுவரில் இல்லை. சுவருக்கு அப்பால், வெகு தூரத்தில், வேகமாக வருகிற எதையோ பார்த்தன. கைகள் அசைந்தன. கொஞ்சம் இடது. கொஞ்சம் வலது. மறுபடி இடது.

இடது சுண்டுவிரல் மேலே தூக்கி நின்றது.

"சார்," என்றது இயர்போன். பாத்துக்கலாமின் குரல்தான். மரியாதையாக, பயந்து, வேலைக்காரன் முதலாளியிடம் பேசுகிற மாதிரி. "சார், பின்னாடி லேசாகுது."

அதற்குப் பதில் என்னவென்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. நிறுத்தும் பொத்தானை மறுபடி அழுத்தினாள். மறுபடியும். அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது.

விசிறியைப் பார்த்தாள். ஒவ்வொரு இறக்கையையும் தனித்தனியாக எண்ணலாம், அப்படி நின்றிருந்தது. மூலையில் கிடந்த மூட்டையின் மேல் ஒரு தூசிகூட அசையவில்லை.

"சார்?"

பின்தட்டுகளின் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. காரைக் கட்டியிருந்த பட்டைகள் ஒவ்வொன்றாக விறைத்தன. காற்றே இல்லாத கூடத்தில் வெள்ளைப் புகை மட்டும் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டு காரின் மேல் பறந்தது. அவர் ஸ்டீயரிங்கை வளைவுக்காக இடது பக்கம் திருப்பினார். பின்சக்கரங்கள் இரண்டும் தட்டை விட்டு மெல்ல மேலே எழுந்தன.