புதன்கிழமையின் இரண்டு காலைகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை ஆந்தையார் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதரின் நாடியும் உடம்புச் சூடும் நாளின் எந்த நேரத்தில் ஏறுகின்றன, எப்போது இறங்குகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. ஊரார் தூக்கத்தை அலசி அலசி அவர் தூக்கம் போய்விட்டது. அன்று பிற்பகல், மூன்றாவது தேநீரும் ஆறிக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். பின்னாலேயே டிப்போ மேலாளர்.

"தூங்கிக்கிட்டே ஓட்டினார்னு இவரை வேலைய விட்டுத் தூக்கறாங்க சார்," என்றாள் மனைவி. "பிரேக் பிடிக்கலன்னு தலைப்பாடா அடிச்சுக்கறாரு. யாரும் காதுல போட்டுக்கல."

"நாங்க சொல்லலம்மா, உங்க ஆய்வுக்காக அவர் புஜத்துல கட்டின பட்டை சொல்லுது. நாடி, சூடு, அசைவு எல்லாம் அதுல பதியுதே," என்றார் மேலாளர். "வெள்ளிக்கிழமை மதியம் மூணு பத்துக்கு பஸ் சுவத்துல மோதுச்சு. அப்போ நாடி ஐம்பத்திரண்டு."

டிரைவர் மூலை நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

உதவியாளர் ஆவலாகத் திரையைக் காட்டினாள். "பாருங்க சார், அசைவுக் கோடு ஆடவே இல்ல. நல்ல தூக்கம்தான்."

ஆந்தையார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "பலமான மோதலா?"

"முன்கண்ணாடி சுக்குநூறு!" என்றார் மேலாளர்.

"பஸ்ஸே நொறுங்கியிருக்கு. பட்டை மட்டும் ஏன் குலுங்கல?"

ஆந்தையார் மேலாளர் பக்கம் திரும்பினார்.

"நடுவுல பட்டையக் கழட்டினீங்களா?"

"புதன்கிழமை சார்ஜ் தீர்ந்துடுச்சு. நானே சார்ஜ் போட்டு, பன்னெண்டு மணிக்கு நேரம் வெச்சுக் கட்டிவிட்டேன்," என்றார் மேலாளர் பெருமையாக.

ஆந்தையார் உதவியாளரைப் பார்த்தார். "நீ எதையாவது அழிச்சியா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "புதன்கிழமை காலை ரெண்டு தடவை பதிவாகியிருந்துச்சு சார். கோளாறுன்னு நினைச்சு ரெண்டாவதை எடுத்துட்டேன். மூலப் பதிவு பத்திரமா இருக்கு."

"கோளாறு இல்ல. பகல் பன்னெண்டுக்குப் பதிலா ராத்திரி பன்னெண்டை வெச்சுட்டார். அதனால முடிஞ்சுபோன காலை மறுபடியும் ஆரம்பிச்சிருக்கு. செவ்வாய் வரைக்கும் டிரைவரோட உடம்புச் சூடு விடியக்காலை நாலுக்கு அடிமட்டத்துல இருக்கு. வியாழன்லேர்ந்து சாயங்காலம் நாலுக்கு. உலகத்தோட அந்தப் பக்கத்துக்குப் பறந்தாலும் உடம்பு ஒரே நாள்ல இப்படி மாறாது. மாறினது கடிகாரம்தான், பன்னெண்டு மணி நேரம் பின்தங்கி ஓடுது. நீங்க பார்த்த தூக்கம், விபத்து முடிஞ்சு வீட்டுக்குப் போய் அன்னிக்கு ராத்திரி தூங்கினது. வெள்ளிக்கிழமை விடியக்காலை மூணு பத்தைக் காட்டு. அதுதான் நிஜமான மதியம்."

திரையில் கோடு எகிறியது. உதவியாளர் படித்தாள்: "மூணு பத்துக்குப் பட்டை பலமா குலுங்குது. அதுக்கு அரை நிமிஷம் முன்னாடியே நாடி நூத்து முப்பது!"

"பிரேக் காலுக்குக் கீழ அமுங்கிப் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷம் அது. தூங்கறவனுக்கு அந்த பயம் வராது," என்றார் ஆந்தையார்.

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. டிரைவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாருங்க! இப்பவும் தூங்கறாரு!" என்று துள்ளினார் மேலாளர்.

"நேரத்தைத் திருத்தினா இன்னொண்ணும் தெரியுது," என்றார் ஆந்தையார், குரலை உயர்த்தாமலே. "ஒன்பது நாளா இவர் ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்திருக்கார். அந்த டியூட்டிய யார் போட்டதுன்னும் அறிக்கையில எழுதித்தான் அனுப்பப்போறேன்."

மேலாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மனைவி கணவனை எழுப்பக் கையை நீட்டினாள்.

"விடும்மா. இங்க யாருக்கும் அவசரம் இல்ல," என்று ஆந்தையார் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.