அத்தை இருக்கும் வீட்டுக்கு ஆயா

“அக்கா இருக்கற வீட்டுக்கு ஆயா எதுக்கு? இதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் நீ வேலைக்குக் கிளம்பு.”

பல் துலக்கிய கையோடு கணவன் ஆரம்பித்துவிட்டான். அவள் கைக்குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் ஒற்றைக் காலுறையோடு வீடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தாள். சமையலறையில் நாத்தனார் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

“ரெண்டு குழந்தைங்க... அண்ணி ஒருத்தரே எவ்வளவுதான் பாப்பாங்க...” என்று இழுத்தாள்.

“முடியலைன்னு அக்கா உன்கிட்ட வந்து சொன்னாளா? அம்மா போனப்புறம் என்னைத் தோள்ல போட்டு வளர்த்தவ. எனக்காகத் தனக்கு வந்த வரனையெல்லாம் தட்டிக் கழிச்சவ. இன்னிக்கு உன் குழந்தைங்களைப் பாக்க அவ லாயக்கில்லாம போயிட்டா... அப்படித்தானே?”

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

போன மாதம் ஒருநாள் மின்சாரம் போய், அவள் வேலை செய்யும் தையல் ஆலையில் எல்லோரையும் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது குளியலறைக் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் சின்னவன். தண்ணீர் அவன் மோவாயைத் தொட்டுவிட்டிருந்தது. பக்கத்தில் முக்காலியில் நாத்தனார், கண் திறந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு... கூப்பிட்டால் பதில் இல்லை. உலுக்கினால் வாய் மட்டும் எதையோ மென்றது. அவள் பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் தலையை உதறி, “எப்போ வந்தே? சத்தமே கேக்கலையே” என்று சிரித்தாள்.

இதுவும் ஒருவகை வலிப்புதான் என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார். மறுபடி வராது என்று உறுதி சொல்ல முடியாது, குழந்தைகளை இவர் பொறுப்பில் தனியாக விடாதீர்கள் என்றார். திரும்பும் வழியெல்லாம் நாத்தனார் அவள் கையை விடவில்லை.

“தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. அவன் என்னைப் பரிதாபமா ஒரு பார்வை பாத்தான்னா நான் அன்னிக்கே செத்தேன். குழந்தைங்க மேல சத்தியம் பண்ணு.”

பண்ணித் தொலைத்தாள். அன்றிலிருந்து ஏதேதோ சாக்குச் சொல்லி விடுப்பு எடுத்தாள். விடுப்பும் நேற்றோடு தீர்ந்தது. கணவனின் அச்சகத்தில் பாதி நாள் வேலை இல்லை. இவள் சம்பளம்தான் வீட்டை இழுத்துக்கொண்டிருந்தது. வேலையையும் விட முடியாது, வாயையும் திறக்க முடியாது. இருதலைக் கொள்ளி எறும்புதான் அவள்.

ஆயா கிடைப்பதும் லேசாக இல்லை. ஒருத்தி வந்ததிலிருந்து போகும்வரை காதில் போனை வைத்தபடியே இருந்தாள். இன்னொருத்தி குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் டிவி எந்த அறையில் என்று கேட்டாள். நல்லவளாக வந்த ஒருத்தியை நாத்தனாரே, “இந்த நகத்தை வச்சுக்கிட்டுப் பச்சைப் பிள்ளையைத் தொடுவியா?” என்று விரட்டிவிட்டாள்.

இன்று வந்தவள் நடுவயதுக்காரி. குழந்தையைத் தொடுமுன் கை கழுவ இடம் கேட்டாள். சின்னவன் அவள் மடியில் அழாமல் உட்கார்ந்தான். நாத்தனார் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

“இத்தனை நாளா குழந்தைங்களை யாரு பாத்துக்கிட்டாங்க?” என்று வந்தவள் கேட்டாள்.

“என் அக்கா” என்றான் கணவன்.

“அவங்க இருக்கும்போது என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க? நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வரக்கூடாது பாருங்க, அதான் கேக்கறேன்.”

“அதை இவளைக் கேளுங்க. வளர்த்த கையை நம்பாம வாடகைக் கையைத் தேடறது இவதான்.”

அவள் தலை நிமிரவில்லை. நாத்தனார் பக்கம் பார்வையைத் திருப்பினால்கூட, சொல்லேன் என்று கேட்பது போலாகிவிடும். கண்ணீர் மடியில் சொட்டியது.

“அத்தை... அம்மா அழறாங்க” என்றாள் பெரியவள்.

நாத்தனார் ஈரக் கையோடு வந்து தம்பி எதிரில் நின்றாள்.

“போதும்டா. உன் பிள்ளை இன்னிக்கு உசுரோட இருக்கான்னா அது இவளாலதான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். ஓடிய தண்ணீர், மருத்துவர் சொன்னது, வாங்கிய சத்தியம். கணவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நீ தினமும் இவளை வறுத்தெடுத்தே. நான் உள்ளே நின்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்... வாயைத் திறக்கலை. சொல்லிட்டா இந்த வீட்டுல எனக்குன்னு என்ன இருக்கு? புருஷனா, பிள்ளையா? இதுங்க ரெண்டும்தானே...”

அவள் ஓடிப்போய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

கணவன் எழுந்துவந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னான்: “நான் உன்னைப் பேசினதெல்லாம்... மனசுல வச்சுக்காதே. இன்னிக்கு நான் வீட்டுல இருக்கேன். நீ கிளம்பு, நேரமாச்சு.”

மறுநாளே அந்தப் பெண் வேலைக்கு வந்துவிட்டாள். ஆலைக்குக் கிளம்பி அவள் செருப்பை மாட்டும்போது பெரியவள், புதியவளிடம் போகமாட்டேன் என்று அத்தையிடம் ஓடி, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். நாத்தனாரின் கைகள் தாமாகவே நீண்டன, பாதியில் நின்றன. மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“அத்தை இனிமே தூக்க மாட்டேன்டி கண்ணு. நீ வந்து மடியில உக்காந்துக்கோ.”

“தூக்கு அத்தை...”

அவள் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள். உள்ளே குழந்தை அழுதது. அதோடு சேர்ந்து அழுத இன்னொரு குரலும் கேட்டது. திரும்பிப் போய்ச் செய்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. பேருந்துக்கு நடந்தாள்.