காணாமல் போன ஆறு ஊசிகள்

போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் செல்வராணி காலையின் முதல் டீயை அப்போதுதான் வாயருகே கொண்டு போயிருந்தாள்.

"அம்மா... என் பொண்டாட்டி என்னைக் கொல்லுதா. வெசம் வைக்கா. சீக்கிரம் வாங்க."

பேசியவர் பொன்னுதுரை. தூத்துக்குடியில் உப்பு வியாபாரி. துறைமுகத்தில் லாரியிலிருந்து சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவர். கட்டுப் போட்ட காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பி இன்றோடு ஐந்தாம் நாள்.

டீ ஆறியது. கான்ஸ்டபிள் சுடலைராஜை ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது.

கட்டிலில் கிடந்தார் பொன்னுதுரை. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. பனியனைத் தூக்கிக் காட்டினார்.

வயிறு முழுக்க ஊதாவும் கருப்பும். கத்திரிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல!

"மேடம், நல்லா வெளுத்திருக்கா..." என்று சுடலைராஜ் முணுமுணுத்தான்.

அடுக்களை வாசலில் மனைவி சந்தனமாரி நின்றிருந்தாள். கையில் தோசைக்கரண்டி. அந்த நேரத்தில் அது அவளுக்குச் சாதகமான பொருளாகத் தெரியவில்லை.

பொன்னுதுரை புகார்களை அடுக்கினார். இரண்டு நாளாகப் பல் விளக்கினால் ரத்தம். வெளிக்குப் போனால் தார் மாதிரி கருப்பு. எல்லாம் அவள் போடும் காப்பியைக் குடித்த பிறகுதான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைத் தவிர தான் எதுவும் கொடுக்கவில்லை என்றாள் சந்தனமாரி.

செல்வராணி டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கி, அதிலிருந்த நம்பருக்கு அடித்தாள். டாக்டர் ஷெர்லின் எடுத்தார்.

"அது ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஊசி. அளவு கூடினா உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியும். உடனே கூட்டிட்டு வாங்க. அடுத்த ஊசி போடக் கூடாது. பெட்டியில எத்தனை மிச்சம்னு மட்டும் எண்ணிருங்க."

செல்வராணி 108 ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். ஆளை முன்னால் குனிய வைத்து மூக்கைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தவன் சுடலைராஜ். அதற்கப்புறம் பொன்னுதுரை சொன்னதெல்லாம் மூக்கடைத்த குரலில்தான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் விசாரணை ஆரம்பமானது.

பெட்டிக்கு மருந்து நிரப்பிய இருபது ஊசிகள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, பத்து நாளைக்கு. போட்டதையெல்லாம் சந்தனமாரி காலண்டரில் டிக் அடித்திருந்தாள். ஒன்பது டிக். மூடி போட்ட கெட்டி டப்பாவில் காலி ஊசிகளும் ஒன்பது.

எப்படிப் போடுவாள் என்று கேட்டதற்கு நர்ஸ் மாதிரி ஒப்பித்தாள். தொப்புளுக்கு இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு தடவை வலது பக்கம், அடுத்த தடவை இடது பக்கம். சதையைக் கிள்ளிப் பிடித்து நேராக ஏற்ற வேண்டும். ஊசிக்குள் இருக்கும் காற்றுக் குமிழை வெளியே தள்ளக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் கன்றிப் போகும்.

செல்வராணி மிச்சத்தை எண்ணினாள்.

பதினொன்று இருக்க வேண்டும்.

ஐந்துதான் இருந்தது!

"அக்கா... மீதி ஆறு எங்க?"

சந்தனமாரி தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். தெரியாது என்று தலையாட்டினாள். தெரியாது என்று சொன்ன எத்தனையோ பேரை செல்வராணி உள்ளே அனுப்பியிருக்கிறாள். இவளையும் அனுப்ப வேண்டியதுதானோ?

அப்போதுதான் கட்டில் தலைமாட்டில் இருந்த சின்ன அலமாரி கண்ணில் பட்டது. பூட்டியிருந்தது. சாவி எங்கே என்றாள்.

சந்தனமாரி கணவரின் இடுப்பைக் காட்டினாள். அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கியது.

அதில் சரக்குப் பேப்பர்தான் இருக்கிறது என்று மூக்கடைத்த குரலில் அவசரமாகச் சொன்னார் பொன்னுதுரை.

திறந்தாள்.

பிஸ்கட் டப்பா. உள்ளே ஆறு காலி ஊசிகள். பக்கத்தில் பாதி தீர்ந்த வலித் தைலம்.

"இதெல்லாம் யாரு போட்டது, அண்ணாச்சி?"

சுடலைராஜ் மூக்கை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

உண்மை வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை கப்பலில் உப்பு ஏற்ற வேண்டும். பத்து நாள் ஊசி முடிகிற வரைக்கும் துறைமுகப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரக்கெல்லாம் மச்சான் லிங்கராஜ் பொறுப்பில். மச்சானை நம்பி ஒரு சாக்குக்கூட கொடுக்க அவருக்கு மனசில்லை. இருபது ஊசியையும் சீக்கிரம் தீர்த்துவிட்டால் சீக்கிரம் எழுந்து போய்விடலாமே? அவள் குளிக்கப் போகிற நேரத்திலெல்லாம் தனக்குத்தானே ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டார். வலிக்காமல் இருக்கத் தைலம் போட்டு நன்றாகத் தேய்த்தும் விட்டார்.

"மருந்துதானம்மா... கூடப் போட்டா சீக்கிரம் கேக்கும்னு நெனச்சேன்."

"அப்ப வெசம்?"

"அது காப்பியிலன்னு நெனச்சேன்."

செல்வராணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தனமாரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் அவர் முகத்து ரத்தத்தைத் துடைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று பகல் முழுக்கப் பயம்தான். ரத்த அளவு இறங்கியிருந்தது. வயிற்றுக்குள் கசிவு. ஊசியை நிறுத்தி, மாற்று மருந்து கொடுத்து, ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம்தான் ஷெர்லின் முகம் தெளிந்தது. இனிமேல்தான் கவனம் வேண்டும் என்றார் அவர். காலில் கட்டி அப்படியே இருக்கிறது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஊசியை ஒரேயடியாக விடவும் முடியாது. கசிவு நின்றபின், அளவு பார்த்து, மணி பார்த்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் செல்வராணி வார்டுக்குப் போனாள். பொன்னுதுரை உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தன் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார்.

"நான் ஒண்ணு எழுதி வச்சிருக்கேம்மா" என்று சந்தனமாரி ஒரு தாளை நீட்டினாள்.

கொலை முயற்சிப் புகார். பாதிக்கப்பட்டவர்: என் கணவர் பொன்னுதுரை. குற்றவாளி: மேற்படி பொன்னுதுரை.

அவர் இட்லியைக் கை நழுவ விட்டார். "ஏளா... என்னையவே உள்ள தள்ளப் பாக்கியா?"

செல்வராணி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஸ்டேஷன்ல வச்சா ஜாமீன்ல வெளிய வந்துருவிய அண்ணாச்சி... அதான், உங்கள அக்கா கஸ்டடியிலயே விட்டுட்டுப் போறேன்!"