ஒழுகாத குழாய்

கடுகுக்குக் கோபம் வந்தால் வீடு தாங்காது. அதனால்தான் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டுக் கொல்லைப்பக்கம் போனவள் திரும்பி வந்தபோது, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"குழாயை யாருப்பா தொட்டது?"

பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டார், இனி ஒரு சொட்டு ஒழுகாது என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

"யாரைக் கேட்டுச் சரி பண்ணீங்க?"

அப்பா திருதிருவென விழித்தார். "ஒழுகுற குழாயைச் சரி பண்ணித் திட்டு வாங்குன ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்."

அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் குழாயடியில் அவள் வளர்த்தது, ஓடைக்கரையில் தானாக முளைக்கும் ஊதாப் பூச்செடி. விதை எடுத்து வந்து தொட்டியில் போட்டாள், கருகியது. மொட்டைமாடியில் வைத்தாள், அதுவும் கருகியது. எப்போதும் ஈரமாக இருந்த அந்தக் குழாயடிதான் அதற்கு ஒத்துவந்தது. இப்போது மொட்டு விட்டிருந்தது. பூத்தால் வண்ணத்துப்பூச்சிகள் வரும். ஒன்று நேற்றே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

தெருவில் பார்த்த பிளம்பரையும் பிடித்துத் திட்டினாள். குழாயைக் கொஞ்சம் திறந்து வைக்கலாமா என்று கேட்டதற்கு, தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடும் என்று அம்மா கறாராக மறுத்துவிட்டாள். வாளியில் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரோ மணலில் போன இடம் தெரியவில்லை. இலைகள் துவண்டு தொங்கின. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் வழக்கமான சண்டை தொடங்கியது. மாடியில் குடியிருக்கும் லாரிக்காரர் இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். அவருடைய ஏசித் தண்ணீர் கீழே தையல்கடைக்கு வருகிறவர்கள் தலையில் சொட்டும். ஏசியை நிறுத்தச் சொல்லித் தையல்கார அக்கா கத்துவாள். இந்த வெயிலில் எப்படித் தூங்குவது என்று அவர் கத்துவார்.

கடுகு விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. அங்க என் செடி தண்ணியில்லாம சாகுது. நீங்க தண்ணி வேண்டாம்னு அடிச்சுக்கிறீங்க. வேண்டாம்னா எனக்குக் குடுங்க."

கத்தி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. நேராகப் பிளம்பரிடம் ஓடினாள்.

"உங்களைத் திட்டுனது தப்புதான், மாமா. ஆனா கோபம் இன்னும் போகல. பழைய டியூப் ஏதாவது இருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே நீளமான டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லாரிக்காரர் அதன் ஒரு முனையை ஏசியில் மாட்டினார். தையல்கார அக்கா மறுமுனையைச் சுவரோரமாக இழுத்துவந்து செடியின் அடியில் விட்டாள். சொட்டுச் சொட்டாக மண் நனைந்தது. அடுத்த வாரம் செடி ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்கியது. வண்ணத்துப்பூச்சிகள் கொல்லைக்கும் தையல்கடைக்குமாகப் பறந்தன.

ஒருநாள் வெயிலே இல்லை. லாரிக்காரர் ஏசியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். டியூபில் சொட்டு நின்றது. கடுகு புருவத்தை நெரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அதற்குள் தையல்கார அக்கா தெருவில் நின்று மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு ஏசியை நிறுத்துனீங்க?"