முகவரி இல்லாத அழைப்புகள்

"மாடிப்படியில உக்காந்திருக்காங்களே, அவங்கல்லாம் உங்க வூட்டு ஆளுங்களா மேடம்?" என்று ரோந்துப் போலீஸ்காரர் எத்திராஜ் வாசலில் நின்று கேட்டபோது, மௌரீனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. புருஷன் குவைத்தில். இந்த ஜீவனஹள்ளி மாடி வீட்டில் இருப்பது அவளும் ஆறு வயது மகள் குளோரியாவும் மட்டும்.

"யாரும் இல்லியே சார்."

"இப்பத்தான் பாத்தேன். ஒரே ஈரமா இருந்தாங்க. டார்ச் அடிச்சா தலய குனிஞ்சிக்கிறாங்க." அவர் திரும்பிப் பார்த்தார். படி காலியாக இருந்தது. "பரவாகில்ல, கதவ சாத்திக்கோங்க. வண்டி இங்கதான் நிக்கும்."

கதவைச் சாத்துவதற்குமுன் மௌரீன் எட்டிப் பார்த்தாள். படிகள் அத்தனையும் நனைந்து கிடந்தன. ஊரில் மழை பெய்து எத்தனையோ நாளாகிவிட்டது.

ரோந்து வண்டி அங்கே நிற்பது அவள் செய்த வேலை. அவசர உதவி கேட்டு வரும் அழைப்புகளை நகர வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் குறிக்கிற கம்பெனியில் அவளுக்கு உத்தியோகம். புள்ளி எங்கே நெருக்கமோ, இரவில் வண்டி அங்கே போகும். சில அழைப்புகள் மட்டும் இடத்தைச் சொல்லுமுன்பே அறுந்துவிடும். இடத்தைக் குறிக்காமல் கம்ப்யூட்டர் அடுத்ததற்கு நகராது. "எங்கயாவது ஒண்ணு போட்டுட்டு மூவ் பண்ணுங்க மௌரீன்," என்பான் மேலாளர் சுஹாஸ். பின்தெருவில் யாரோ பூட்டை உடைத்ததிலிருந்து தூக்கமில்லாமல் கிடந்தவள், அந்த அனாதை அழைப்புகளை எல்லாம் தன் வீட்டின்மேலேயே போட்டாள். யாருக்கு என்ன நஷ்டம்? தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தால்தான் தெரியும் அந்தப் பயம். வண்டியின் சிவப்பும் நீலமும் திரைச்சீலையில் மாறி மாறி விழ, அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள்.

இன்று தூக்கம் வரவில்லை. குளோரியாவைச் சுவர்ப் பக்கமாக அணைத்துப் படுத்திருந்தவளின் மூக்கில், அழுகிய ஏரித் தண்ணீரின் வாடையும், அதற்கடியில் கருகிய பிளாஸ்டிக்கின் நெடியும் கதவிடுக்கு வழியாக வந்து ஏறிக்கொண்டே இருந்தன. கூடவே ஒரு சத்தம். போனைக் காதில் வைத்துக் காத்திருக்கும்போது மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்குமே, எடுக்க ஆளில்லாமல், அந்தச் சத்தம். ஒன்றல்ல. படியில் ஒன்று, வாசலில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே இன்னும் நாலைந்து.

'தண்ணி உள்ள வருது, கார் கதவு தெறக்கல.' 'ஒரே பொகையா இருக்கு, கொழந்தைங்க மாடியில.' அறுந்த அழைப்புகளின் எழுத்துப் பதிவில் அவளே படித்த வரிகள்தாம். மத்தியானம் பஃப்ஸ் தின்றுகொண்டே ஒவ்வொன்றையும் இந்த வீட்டின்மேல் வைத்தாள். அவர்களுக்கு உதவி இங்கே இருக்கிறது என்று வரைபடம் சொல்லியிருக்கிறது. வந்துவிட்டார்கள்.

எழுந்து அடுத்த அறைக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தாள். தன் வீட்டின்மேல் ரத்தக் கட்டியாகத் திரண்டிருந்த புள்ளிகளை மொத்தமாகப் பிடித்து அழித்தாள். சிவப்பு மறைந்தது. "போயிடுங்க," என்று முணுமுணுத்தாள். "மாதாவே, போயிடணும்."

வெளியே இன்ஜின் உறுமியது.

ஜன்னலுக்குப் பாய்ந்தாள். "எத்திராஜ் சார்! போகாதீங்க! சார்!"

புள்ளிகள் அழிந்ததும் வண்டிக்குப் புது வழி போய்ச் சேர்ந்துவிட்டது. விளக்கு சுழன்றபடி முனை திரும்பியது. தெரு இருண்டது.

மணிச் சத்தம் நின்றது. எல்லாம் ஒரேயடியாக. யாரோ போனை எடுத்ததுபோல.

கூடத்திலிருந்து குளோரியாவின் குரல்.

"சொல்லுங்க. எங்கருந்து பேசறீங்க?"

அவசர அழைப்பை எடுப்பவர்கள் முதலில் கேட்கும் அந்தக் கேள்வியை மௌரீன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. நிலைப்படியில் குளோரியா. ஈரச் சேலைக்காரி ஒருத்தி குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். குழந்தை தலையாட்டினாள். குளோரியாவின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாயிலிருந்தும்.

"ஐயோ, என் கண்ணு! வாடி இங்க!"

வாரி இழுத்தாள். அசையவில்லை. தரையோடு தரையாக ஊன்றியிருந்தது அந்தச் சின்ன உடம்பு. அடுத்தவள் குனிந்தாள். குளோரியாவின் கவுன் ஓரம் கருகியது. பேச வாய் திறந்தபோது புகை வந்தது.

"அழாதீங்க ஆன்ட்டி. எல்லாரும் வரிசையா வாங்க."

வரிசை படியிறங்கி, கேட்டைத் தாண்டி, இருட்டில் தெருக்கோடி வரை நின்றது. மௌரீன் மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்து ஓர் ஆள் மண்டியிட்டான். அவன் கழுத்து ஒரு காதிலிருந்து மறு காதுவரை திறந்திருந்தது. குளோரியா தலையைச் சாய்த்து, அவன் பக்கம் காதைக் கொடுத்தாள்.